ஞானேந்திரன் மாமாவின் இரண்டாவது ஜக்கெற்

மாலை நாலே முக்கால்.

நேரத்தைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். மொன்றியலில் ஜனவரி மாதம் பேய் நடுச்சாமம் வரை காத்திருக்கத் தேவையில்லை. அதற்கு வேண்டிய இருட்டு நாலரைக்கே வந்துவிடும்.

அக்காடி மெட்ரோவில் இறங்கி வடக்கே பஸ் எடுத்து, நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழால் போனால் ஒரு தெரு வரும். இரண்டு பக்கமும் பழைய தையல் தொழிற்சாலைகள். பாதிக்கு மேல் பூட்டியவை. கடை இல்லை. வீடு இல்லை. காற்று மட்டும் ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும்… டக்… டக்… டக். அந்தத் தெருவில் ஒரு பெண் ஓடி வருகிறாள். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. அவள் மேலே ஜக்கெற் இல்லை. கையுறை இல்லை. கந்தோர் வேலைக்குப் போடுகிற மெல்லிய சட்டை மட்டும்.

பஸ் சாரதி கதவைத் திறந்து, "மதாம், உங்கள் ஜக்கெற் எங்கே?" என்று பிரெஞ்சில் கேட்டானாம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் ஓடிவந்த கட்டிடத்தின் மூன்றாம் மாடியில், ஒரே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண் றொஷினி. என்னுடைய சிநேகிதி சிசிலியின் மகள். சிசிலி இந்தக் கதையை எனக்குச் சொல்லுமுன் மடு மாதாவின் பேரில் சத்தியம் வாங்கினாள், ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாதென்று. நானும் விடவில்லை. ஏப்ரலில் உறைமழை பெய்து பார்க் எக்ஸ்டென்ஷன் முழுக்க மின்சாரம் போகும்வரை விடவில்லை. அன்றிரவு எங்கள் கட்டிடத்தில் என் வீட்டில் மட்டும்தான் எரிவாயு அடுப்பு. மேல்மாடிக் கமலினி போர்வையோடு வந்தாள். சென்னைக்காரி, பல்கலைக்கழகத்தில் ஏதோ ஆராய்ச்சி. எதிர்வீட்டு நீக்கிலாப்பிள்ளை அண்ணை தொப்பியோடு வந்தார். அவருடைய மகன் றெக்ஸ் அந்தக் கிழமைதான் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தான். தெருமுழுக்க அவர் அதையே சொல்லித் திரிந்தார். வெளியே மரக்கொப்புகள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் முறிகிற சத்தம். இப்படி ஒரு இரவில் வேறு என்னத்தைக் கதைப்பது? மாதாவுக்கும் நிலைமை விளங்கும்.

முதலில் ஞானேந்திரனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பத்து வருடத்துக்கு முதல் இதே கட்டிடத்தில் இருந்தவர். பிறகு பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிப் போனார். வேலை, அரசாங்கக் கந்தோரில். எந்தக் கந்தோர் என்று நான் சொல்லமாட்டேன். இருபத்திரண்டு வருட சேவை, நிரந்தரப் பதவி. கலியாண வீடுகளில் அவருக்கென்று முன்வரிசையில் ஒரு கதிரை தானாகவே காலியாகும். டாக்டர்மார்கூட இரண்டாம் வரிசையில்தான்.

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கவேணும் எண்டு சும்மாவே சொன்னவங்கள்," என்பார். "கோறணமேந்துக் கதிரையிலை ஒருக்கா இருந்தால்… என்னை எழுப்பக் கடவுளாலும் ஏலாது."

அதில் வேடிக்கை என்னவென்றால், அவர் அந்தக் கதிரையில் இருப்பதே இல்லை.

அவருடைய தகப்பன் யாழ்ப்பாணக் கச்சேரியில் கிளாக்கர்.

"பாட்டுக் கச்சேரியா?" என்று கமலினி போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்.

இல்லையம்மா. அங்கே கச்சேரி என்றால் அரசாங்க அதிபரின் கந்தோர். பாட்டு இல்லை, நித்திரைதான். அந்தத் தகப்பன் காலையில் வந்து தன் குடையைக் கதிரையில் கொழுவிவிட்டுப் புகையிலைத் தோட்டத்துக்குப் போய்விடுவாராம். அந்த வெயிலில் குடை இல்லாமல் எவன் வெளியே போவான்? ஆகவே குடை இருந்தால் ஆள் இருக்கிறார். மகன் கனடாவுக்கு வந்து அதே வித்தையைக் குளிருக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டார். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே சாம்பல் நிறத்தில் இரண்டு ஜக்கெற். ஒன்று உடம்பில். மற்றது கதிரையின் முதுகில், வருடம் முழுக்க. இந்த ஊர்க் குளிரில் ஜக்கெற் இல்லாமல் ஒருவர் வெளியே போயிருப்பார் என்று எந்த வெள்ளைக்காரனும் நினைக்கமாட்டான்.

காலை எட்டு மணிக்கு அட்டையைத் தட்டி உள்ளே வருவார். ஒன்பதரைக்கு, சிகரெட் பிடிக்கிறவர்கள் போகிற பக்கக் கதவால் வெளியே போவார். அந்தக் கதவில் அட்டை தட்டத் தேவையில்லை. பிறகு பின்னேரம்வரை அவருக்கு வேறு தொழில். வீடு விற்றுக் கொடுப்பது. மனைவி தாட்சாயினிக்குக்கூடத் தெரியாது. சனி, ஞாயிறுகளில்தான் வீடு காட்டுகிறார் என்று அந்த மனுசி நம்பியிருந்தது.

"எல்லாரும் வேலைக்குப் போய்த்தான் களைக்கிறாங்க," என்றாள் கமலினி. "இவரு போகாம இருக்கறதுக்கே இவ்ளோ உழைச்சிருக்காரே!"

நீக்கிலாப்பிள்ளை அண்ணை சிரிக்கவில்லை. "அது மனுசன்ரை கெட்டித்தனம்," என்றார்.

இனி றொஷினி. அவளை அந்தக் கந்தோரில் சேர்த்துவிட்டதே ஞானேந்திரன்தான். ஒப்பந்த வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டுவார்கள், நீட்டாமலும் விடுவார்கள். இரண்டு வருடமாக அவள் ஒவ்வொரு மூன்றாம் மாதமும் நீட்டுவார்களோ என்று விசாரித்துக்கொண்டு திரிந்தாள். சிசிலிக்கு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற வேலை. இரண்டு முழங்காலும் போய்விட்டது. "பிள்ளைக்கு நிரந்தரமானால் அண்டைக்கே நான் வாளியை வைச்சிடுவன்," என்று நேர்த்திக்கடன் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தாயின் முழங்கால் மகளின் நிரந்தரக் கடிதத்தில் தொங்கியது.

ஞானேந்திரனுக்கும் அது தெரியும். "நான் ஒரு சொல்லுச் சொன்னால் நடக்கும் தங்கச்சி," என்பார் சிசிலியிடம்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் றொஷினி ஜக்கெற்றைப் பார்த்துக்கொண்டாள்.

அவளுடைய மேசை அவருடையதற்குப் பக்கத்தில். பத்து மணிக்கு எழும்பி, அந்த ஜக்கெற்றின் இடது கையைப் பொக்கற்றுக்குள் செருகிவிடவேண்டும். மத்தியானம் அதை வெளியே எடுத்து, கதிரையைக் கொஞ்சம் திருப்பிவிட வேண்டும், இப்போதுதான் யாரோ எழும்பிப் போனது மாதிரி. கோப்பையில் பாதித் தேத்தண்ணீர் இருக்கவேண்டும். யாராவது கேட்டால் ஒரே பதில்: "இங்கேதான். மீட்டிங்கில் நிற்கிறார்." கேட்டது பொஸ் என்றாலும் அதுதான், யார் என்றாலும் அதுதான். மாமா என்று கூப்பிடுகிற ஒருவருக்கு மாட்டேன் என்று சொல்ல எங்கள் பிள்ளைகளுக்கு யார் பழக்கினார்கள்?

போன நவம்பர். ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் ஒன்றேகால்.

அவருடைய மேசைத் தொலைபேசி அடித்தது. றொஷினி எட்டி எடுத்தாள். தாட்சாயினி.

"பிள்ளை, மாமா இப்ப எனக்குப் போன் அடிச்சவர். ஒண்டும் கதைக்கேல்லை… மூச்சு மட்டும் கேட்டது. திருப்பி அடிக்க எடுக்கிறார் இல்லை. அங்கை நிக்கிறாரோ?"

றொஷினி யோசிக்கவில்லை. வாய் பழகியிருந்தது.

"ஓம் மாமி, இஞ்சைதான். மீட்டிங்கிலை நிக்கிறார்."

"அப்பாடா," என்று அந்த மனுசி வைத்துவிட்டது.

மூன்றரைக்குத்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள். பியர்பொன்ட்ஸில் ஒரு வெறும் வீட்டுக்கு முன்னால், காருக்குள். அதே சாம்பல் ஜக்கெற்றோடு. கையில் போன். வீடு பார்க்க வரவேண்டியவர்கள் வரவில்லை. இரண்டு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

றொஷினி செத்தவீட்டில் அழவில்லை. பெட்டிக்குக் கிட்டப் போகவும் இல்லை. குளிர் பிடித்துவிட்டது என்று சிசிலி எல்லோருக்கும் சொன்னாள். நான் அப்போதே நினைத்தேன், இதில் ஏதோ இருக்கிறதென்று.

செத்தவர் சுடலைக்குப் போய்விட்டார். ஜக்கெற் போகவில்லை.

அதுதான் அரசாங்கம். தனிப்பட்ட உடைமையை அகற்ற ஒரு படிவம் வேண்டும். படிவத்தில் குடும்பம் கையெழுத்து வைக்கவேண்டும். தாட்சாயினி, எனக்கு அந்தக் கந்தோரும் வேண்டாம், அங்கே இருக்கிற ஒரு துணியும் வேண்டாம் என்றுவிட்டாள். தொழிற்சங்கம், கோப்பு மூடும்வரை ஒருவரும் மேசையைத் தொடக்கூடாது என்றது. ஆக, அது அங்கேயே இருந்தது, கதிரையின் முதுகில். நனைந்த கம்பளி மணமும் சித்தாலேப மணமும் கலந்து. மனுசன் தலையிடிக்குச் சித்தாலேப பூசாமல் ஒருநாளும் இருந்ததில்லை.

முதலாவது கிழமை ஒன்றுமில்லை.

இரண்டாவது கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி தாண்டி றொஷினி தற்செயலாகத் திரும்பினாள். ஜக்கெற்றின் இடது கை பொக்கற்றுக்குள் செருகியிருந்தது.

அவள் செருகவில்லை.

துப்புரவு செய்கிறவர்களாக இருக்கும் என்று நினைத்தாள். மத்தியானம் பார்த்தாள். கை வெளியே தொங்கியது. கதிரை கொஞ்சம் திரும்பியிருந்தது… இப்போதுதான் யாரோ எழும்பிப் போனது மாதிரி.

இப்போதெல்லாம் அரசாங்க வேலைக்காரர்கள் பாதி நாள் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறார்கள். கந்தோருக்கு வரச் சொன்னால் கொடி பிடிக்கிறார்கள். ஆகவே அந்த மூன்றாம் மாடியில் நூறு கதிரைக்கு ஏழெட்டுப் பேர். விளக்குகள் ஆள் அசைந்தால் எரிகிற வகை. பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் தலைக்கு மேலே இருப்பது தானாக அணைந்துவிடும். றொஷினி கணினியைப் பார்த்துக்கொண்டு ஆடாமல் இருந்தால் அவளுடைய விளக்கு அணையும். கையை ஆட்டிக் கொளுத்துவாள்.

பக்கத்து விளக்கு அணையவே இல்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? ஒப்பந்தம் டிசம்பர் கடைசியில் முடிகிறது. ஜக்கெற்றைக் கண்டு பயந்தவளுக்கு யார் நிரந்தரம் கொடுப்பார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒருநாள் மட்டும், ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, ஜக்கெற்றுக்குப் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாளாம். "மாமா… நான் வேணுமெண்டு சொல்லேல்லை. வாய் பழகிட்டுது."

கதிரை ஒருமுறை கிறீச்சிட்டது.

கடிதம் ஜனவரி முதல் கிழமை வந்தது. நிரந்தரம். ஞானேந்திரனின் பதவி. ஞானேந்திரனின் மேசை.

சிசிலி கோயிலில் நன்றிப் பூசைக்குக் காசு கொடுத்தாள். இனி வரமாட்டேன் என்று ஹோட்டலுக்கு அறிவித்தாள். மகளுக்குப் புது ஜக்கெற் ஒன்று வாங்கினாள், கடும் நீலம், கழுத்தில் மயிர் வைத்தது. நிரந்தரக்காரிக்கு ஏற்றது. எனக்கும் ஒரு பெட்டி கேக் வந்தது. நல்லாயிருந்தது என்று சொல்லமாட்டேன், சீனி கூடிவிட்டது.

முதல் நாள், வெள்ளிக்கிழமை. றொஷினி அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். படிவம் இன்னும் வரவில்லை. பொஸ், "பக்கத்தில் எங்கேயாவது வையுங்கள்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் இரண்டு விரலால் அந்தச் சாம்பல் ஜக்கெற்றைத் தூக்கினாள்.

பாரமாக இருந்தது.

உள்பக்கம் சூடாக இருந்தது.

அதைத் தன் பழைய கதிரையின் முதுகில் போட்டாள். தன் நீல ஜக்கெற்றை அவருடைய கதிரையில் கொழுவினாள். அதிலேயே இருந்தாள். இப்போது ஜக்கெற் அவளுடைய இடத்தில். அவள் ஜக்கெற்றின் இடத்தில்.

மூன்று மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை அல்லவா, அரசாங்கத்துக்குச் சனிக்கிழமை அப்போதே தொடங்கிவிடும். முதல் நாளே நேரத்தோடு போனால் நல்லாயிராது என்று இவள் மட்டும் இருந்தாள். நாலு மணிக்கு வெப்பக் குழாயின் இரைச்சல் நின்றது. நாலரைக்கு யன்னல் கறுத்தது.

மாடியின் அந்தக் கோடியில் ஒரு விளக்கு அணைந்தது. கிளிக்.

அடுத்தது. கிளிக்.

ஒன்றொன்றாக, இவளை நோக்கி. கிளிக்… கிளிக்… இவளுடைய தலைக்கு மேலே இருந்ததும் போய்விட்டது. கையை ஆட்டினாள். எரியவில்லை. இரண்டு கையையும் ஆட்டினாள். எரியவில்லை. பக்கத்துக் கதிரைக்கு மேலே மட்டும் வெளிச்சம்.

சித்தாலேப மணம். இப்போதுதான் மூடியைத் திறந்தது போல.

மேசைத் தொலைபேசி அடித்தது.

அவள் எடுத்தாள். பழக்கம்தானே. மறுபக்கம் ஒருவரும் கதைக்கவில்லை.

மூச்சு மட்டும் கேட்டது.

இழுத்து… நின்று… இழுத்து. தாட்சாயினி சொன்ன அதே மூச்சு. அவள் தொலைபேசியை வைத்தாள். மூச்சு நிற்கவில்லை. அது தொலைபேசிக்குள் இல்லை.

திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. முன்னால் யன்னல், கறுத்த கண்ணாடி. கண்ணாடிக்குள் பக்கத்து மேசை தெரிந்தது. சாம்பல் ஜக்கெற் கதிரையின் முதுகில் இல்லை. கதிரையில் இருந்தது. இரண்டு கையும் மேசைமேல். தோள் நிறைந்திருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

எழும்பினாள். தன் ஜக்கெற்றுக்குக் கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

அவளுடைய நீல ஜக்கெற்றின் இடது கை, யாரோ பக்குவமாக மடித்து, பொக்கற்றுக்குள் செருகியிருந்தது.

ஓடினாள். பக்கக் கதவால். அட்டை தட்டாமல். மிச்சம் உங்களுக்குத் தெரியும், பஸ் சாரதி கண்டது.

நான் இவ்வளவும் சொல்லி முடிக்க, நீக்கிலாப்பிள்ளை அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"திங்கட்கிழமை போனவளோ?"

"போகேல்லை அண்ணை. ஈமெயிலிலை விலகல் கடிதம் அனுப்பிட்டாள்."

"நிரந்தர வேலையையோ?" அவருக்கு அதுதான் பயங்கரமாக இருந்தது. "விசரே அந்தப் பெட்டைக்கு? பென்சன் வாற வேலையல்லோ! ஒரு செபமாலையை மேசையிலை வைச்சிட்டு இருந்திருக்கலாம்."

"உங்கடை றெக்ஸை அனுப்புங்கோவன். கதிரை காலிதான்."

அவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். வெளியே ஒரு பெரிய கொப்பு முறிந்து விழுந்தது. கமலினி என் கையைப் பிடித்தாள். அவள் கை பனிக்கட்டி.

"விடுங்க அக்கா, வேலை போனா போகுது," என்றாள். "அந்தப் பொண்ணு இப்ப நல்லா இருக்கால்ல?"

நல்லாத்தான் இருக்கிறாள். ஒரு கார்டெறியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறாள், மறுபடியும் ஒப்பந்தத்தில். சிசிலி ஹோட்டலுக்குத் திரும்பிப் போய்விட்டாள், அந்த முழங்காலோடு. விலகல் கடிதத்துக்கு மட்டும் கந்தோரிலிருந்து இன்றுவரை பதில் இல்லை. இரண்டாம் முறையும் அனுப்பினாள். மூன்றாம் முறையும். விலகினதாக ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு வரி வரவில்லை. அரசாங்கம்தானே, அவசரமில்லாமல் ஆறுதலாகத்தான் வரும் என்று இருந்தார்கள்.

சிசிலிக்கு மனது கேட்காதது அந்த நீல ஜக்கெற். பேயாவது பிசாசாவது, புது ஜக்கெற், இரண்டு தரம்கூடப் போடவில்லை. மார்ச் மாதம் ஒருநாள் மத்தியானம், மகளும் லீவில் வீட்டில் நிற்க, சிசிலி கந்தோருக்குப் போன் எடுத்தாள். அவளிடம் இருந்தது ஒரேயொரு இலக்கம், ஞானேந்திரனின் மேசை இலக்கம். அதை இன்னும் துண்டிக்கவில்லை.

ஐந்து தரம் அடித்தது.

யாரோ எடுத்தார்கள். பின்னால் ஒரு கதிரை கிறீச்சிட்டது. சிசிலி தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "போன்ஜூர்… றொஷினி…" என்று தொடங்கினாள். றொஷினியின் ஜக்கெற் என்று சொல்ல வந்தவள், முடிக்கவில்லை.

மறுபக்கம் ஒரு ஆண் குரல். தமிழில். ஆறுதலாக.

"ஓம் தங்கச்சி, பிள்ளை இஞ்சைதான். மீட்டிங்கிலை நிக்கிறா."

றொஷினி அப்போது தாய்க்கு எதிரே, தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.